ஏற்றத்துக்கு மூன்று கை

முத்துவீரன் தன் வண்டியின் ஆட்டோ கியரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளட்ச் கியர் வைக்கிறாராம் என்ற பேச்சு, அவர் மனைவி நாகஜோதியின் காதுக்கு வருவதற்குள் மூன்று வாய் மாறியிருந்தது. கம்பத்துப் பட்டறைக்கு வண்டி விடப்போன ஒருவர் அதைப் பார்த்தார். அவர் முருகம்மாளின் மருமகனிடம் சொன்னார். மருமகன் சோறு தின்றுகொண்டே வீட்டில் சொன்னார். முருகம்மாள் அதை மறுநாள் காலை சுருளிப்பட்டித் திராட்சைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பன்னீர்த் திராட்சைக் குலைகளில் அழுகினதையும் வெடித்ததையும் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா நாகஜோதி, ஒங்க வீட்டுக்காரருக்குக் காலு சரியாப் போச்சா?" என்றாள் முருகம்மாள், கத்தரியை நிறுத்தாமல்.

"எந்தக் காலு?"

"நல்லாக் கேட்ட போ. மடங்காத காலுதான். வண்டியக் கிளட்ச் மிதிக்கிற வண்டியா மாத்துறாகளாம்ல. முட்டி மடங்காத மனுசன் எதை வச்சு மிதிப்பாகன்னு எங்க மருமகன் கேக்குறாரு. எனக்கு என்ன தெரியும், வீட்டுக்காரிகிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

நாகஜோதிக்கு அது புதுச் செய்தி. புருஷனைப் பற்றிய செய்தியை ஊர் முந்திக்கொண்டு சொல்வதில் ஒரு கூச்சம் உண்டு. அதை மறைக்க, "மிதிக்கத் தனியா ஆளு போடுவாக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. வேடிக்கைக்குச் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதற்குக் கிளட்ச்? வண்டிக்கு டிரைவர் போடப்போகிறார். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவான். இவர் முன்போல வாசல் நாற்காலியிலேயே இருந்துவிடுவார்.

அந்த நாற்காலியை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

முத்துவீரன் மீசை முளைத்ததிலிருந்து ஜீப்பு ஓட்டியவர். காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்து வேலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையுச்சியிலிருக்கும் கம்பம்மெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏறுவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். ஒரு மழைநாளில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் ஜீப்பு மலைச்சுவரில் போய் மோதியது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்கு மட்டும் இடது முட்டி நொறுங்கியது. கம்பி வைத்துத் தைத்தார்கள். கால் நின்றது, நடந்தது, மடங்கத்தான் இல்லை. மடங்காத கால் கிளட்ச்சை மிதிக்காது. ஜீப்பை விற்றார்கள்.

அதற்குப் பிறகு பல வருடம் அவர் இருந்தது வாசலில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான். வீடு அருவிக்குப் போகிற ரோட்டின் மேல் இருந்தது. போகிற வண்டியை அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார், காதால் கேட்பார். "ஈஸ்வரபாண்டி ஜீப்புல போறான். தேர்டு கியர்லயே போட்டு இழுக்குறான். இன்ஜின் அழுவுது, அவன் காதுல விழல" என்பார். உள்ளே குழம்புக்கு அரைத்துக்கொண்டிருக்கும் நாகஜோதி, "விழுந்தா மட்டும் ஒங்களக் கேட்டா மாத்தப் போறாரு" என்பாள். அப்போதெல்லாம் அவருடைய இடது கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து அமுக்கும், முன்னும் பின்னும் அசைக்கும். நரம்பு ஏதோ இழுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருமுறை டாக்டரிடமே சொல்லியிருக்கிறாள்.

மகன் மதன்குமார் கனடாவுக்கு வேலைக்குப் போனான். போய் முதல் மாதமே அவன் கண்டுபிடித்தது, அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் இடது காலைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அன்றைக்கே ஃபோன் பண்ணினான். அடுத்த வருடம் கொச்சியிலிருந்து ஒரு பழைய பிக்கப் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி; முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி, கிளட்ச்சே இல்லாமல் தானாக மாறும் ஆட்டோ கியர். முத்துவீரன் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு வலது காலால் மட்டும் ஓட்டி மெட்டுக்கு ஏறினார். மெட்டுக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகிற சேற்றுப் பாதையில் வேறு வண்டி ஏறாது. நாற்காலி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அதன் மேல் நாகஜோதி வரட்டி அடுக்கினாள்.

மதன்குமார் பயந்த சுபாவம். ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி, ஃபோன் தவறாது. இடுக்கியில் மண்சரிவு என்று செல்லில் பார்த்தால் நடுவாரத்திலும் வரும். "அம்மா, அப்பா எங்க? வண்டி எங்க?" என்ற வரிசையில்தான் கேட்பான். சில நாள் வண்டி முதலில் வரும்.

ஆனி மாதத்துச் சாரலில் அந்த வண்டி கம்பம்மெட்டுச் செக்போஸ்ட் பக்கத்தில் நின்றுபோனது. டீசல் பம்பில் கோளாறு. இன்ஜின் பிடிக்கவே இல்லை. ஜீப்பு ஸ்டாண்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். மேலே நின்றுபோன ஜீப்பைக் கீழே கொண்டுவர அந்தப் பக்கத்தில் ஒரே வழிதான். நியூட்ரலில் தள்ளிவிட்டு, பின்னால் இன்னொரு ஜீப்பைக் கயிற்றால் கட்டி, அது பிடித்துப் பிடித்து விட, மலை இறங்க வேண்டியது. யாரோ ஒரு கேரளத்துக்காரர் கிரேன் கூப்பிடலாம் என்றார். "சேட்டா, ஏறுறதுக்குத்தான் துட்டு. இறங்குறதுக்கு மலை சும்மா இறக்கி விடும்" என்றார் ஈஸ்வரபாண்டி. அவர்தான் தன் ஜீப்பைப் பின்னால் கட்டினார். முத்துவீரன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு வளைவில்கூடக் கயிறு அறவில்லை. அடிவாரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். பழைய காலம் திரும்பி வந்ததுபோல அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, அந்தக் கதையை நாகஜோதியிடம் இரண்டு தரம் சொன்னார்.

பம்பை மாற்றியதும் இன்ஜின் பிடித்தது. கியரைப் போட்டார்கள். வண்டி நகரவில்லை. "கியர் பெட்டியில கோளாறாம்" என்று மட்டும் சொன்னார் அவர். கொஞ்ச நாளில் நீல நாற்காலி வரட்டியை உதிர்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பியது.

இப்போது இந்தக் கிளட்ச்.

மறுநாள் நாகஜோதி பல்வலி என்று கொட்டகையில் சொல்லிவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறினாள். சுருளிராஜனின் பட்டறை மெட்டு ரோட்டில் இருந்தது. பிக்கப் நான்கு கட்டைகளின் மேல் நின்றது. அடியில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்த சுருளிராஜன் தலையை நீட்டினார்.

"வாங்கக்கா. அண்ணன் அனுப்புனாகளா?"

"அண்ணன் அனுப்புனா நான் எதுக்கு வாரேன்? பல்லுவலி. அதான் வந்தேன்."

அவர் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பேச்சுக்குச் சலிக்காத ஆள். மேஜையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி வயிறு பிளந்து கிடந்தது. அதற்குள் தட்டுத் தட்டாக ஏதோ அடுக்கியிருந்தது. பால் அடிப்பிடித்த மாதிரி ஒரு வாடை.

"இதான் ஆட்டோ கியரா?"

"இதுவேதான். தொட்டுப் பாருங்க."

ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். கருகிப்போன அப்பளம் போல இருந்தது. விளிம்பு கையோடு உதிர்ந்தது.

"அடுப்புலயா வச்சீக?"

"மலையில வச்சாகக்கா. இன்ஜின் ஓடுனாத்தான் இதுக்குள்ள எண்ணெய் சுத்தும். இன்ஜின் செத்துப்போய் சக்கரம் மட்டும் உருண்டா உள்ள காஞ்சு தேயும். மெட்டுல இருந்து கம்பம் வரைக்கும் காயக் காய உருட்டிக் கொண்டாந்து விட்டாக. ஜீப்பு கியர்ல ஒண்ணும் ஆகாது. இது ஜீப்பு இல்லைல."

அந்த இறக்கத்தின் கதையை முத்துவீரன் இரண்டு தரம் சந்தோஷமாகச் சொன்னது நாகஜோதிக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது தரம் அவர் சொல்லவே இல்லை.

"இன்னொரு ஆட்டோ பெட்டி கெடைக்கலையா?"

சுருளிராஜன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"கெடைச்சுச்சுக்கா. ஒங்க பையன் அங்கன இருந்தே கம்பெனியில பேசி ஏற்பாடு பண்ணிட்டாரு. ஆவணிக்குள்ள வந்துரும்னாக. அண்ணன்தான் வேணாம்னுட்டாக. மதுரையில இதே வண்டி ஒண்ணு விபத்துல நொறுங்கிக் கெடந்துச்சு, கிளட்ச் வண்டி. அதுல இருந்து பெட்டியக் கழட்டிக் கொண்டாந்து மாட்டியாச்சு. இப்ப வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்தான் ஒத்துக்க மாட்டேங்குது. பழைய பெட்டியவே தேடுது. அது போயிருச்சுடான்னு சொல்லிப் புரிய வைக்க கோயமுத்தூர்ல ஒருத்தர் ஃபோன்லயே வழி சொல்றாரு. நானும் ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"யாரு ஓட்டப் போறா?"

"அதை அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்க. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக. எங்கப்பன் மேல."

"ஒங்கப்பன் செத்து எத்தனை வருசமாச்சு."

"அதனாலதான் பயமா இருக்கு."

அவருக்கு ஃபோன் வந்தது, கோயமுத்தூர்க்காரர். சுருளிராஜன் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். நாகஜோதி வண்டியின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முன்பிருந்த கியர் இடத்தில் வேறு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, தலையில்லாமல். கீழே பார்த்தாள். ஆக்சிலேட்டர் இருந்தது, பிரேக் இருந்தது. மூன்றாவது மிதி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரத்தை வைத்து அடைத்திருந்தது.

குனிந்து கையால் தடவியும் பார்த்தாள். இல்லை.

கிளட்ச் வண்டியில் கிளட்ச் மிதி இல்லையென்றால் எந்த டிரைவர் வந்து ஓட்டுவான்? அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வந்த ஆச்சரியம் பெரிதாக இருந்தது. சீட்டின் மேல் தினசரித்தாளில் சுற்றி ஏதோ வைத்திருந்தார்கள். பிரித்தாள். மோட்டார் சைக்கிளின் கைப்பிரேக் போல ஒரு பிடி, ஒரு சின்ன எண்ணெய்க் குடுவை, ஒரு கறுப்புக் குழாய். பிடியை அமுக்கிப் பார்த்தாள். விட்டாள். மறுபடி அமுக்கினாள். அதைத் தலையில்லாத கியர் கம்பியின் மேல் வைத்துப் பார்த்தாள். அமுக்கியபடியே முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள்.

இந்த அசைவை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். பல வருடமாக, வாசலில், நீல நாற்காலியின் கைப்பிடியில்.

தாளை இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டு, சுருளிராஜனுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

சாயங்காலம் வாசலில் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்காருவதே இல்லை என்பதால் அவர் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்.

"கம்பம் போயிருந்தேன்."

"என்ன சோலி?"

"ஒங்க வண்டியில ஒரு மிதியக் காணோம்னு தேடப் போனேன்."

அவர் ரோட்டைப் பார்த்தார். "வாயைத் தொறந்துட்டானா சுருளிராஜன்?"

"அவரு அப்பனுக்குப் பயந்து பொத்திக்கிட்டாரு. ஒங்க கைதான் சொல்லிருச்சு. நரம்பு இழுக்குதுன்னு டாக்டர்கிட்டக் காட்டுனேனே, ரெண்டு மாசம் மாத்திரை வேற முழுங்குனீக. அன்னைக்கே சொல்லியிருந்தா மாத்திரையாவது மிச்சம்."

முத்துவீரன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார்.

"மதன் பேசி வச்ச பெட்டிய ஏன் வேணாம்னீக?" இதுதான் அவள் கேட்க வந்தது.

ஒரு ஜீப்பு போனது. அவர் காது அதோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது.

"அது நல்ல வண்டிதான் புள்ள. குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். முடங்கிக் கெடந்தவன மேல கூட்டிட்டுப் போச்சு, கீழ கொண்டாந்து விட்டுச்சு. ஆனா கூட்டிட்டுத்தான் போச்சு. வளவு வரையில இந்தக் கியர்னு என் மண்டைக்குள்ள ஒண்ணு ஓடும். அது அதுபாட்டுக்கு வேற ஒண்ணப் போடும். தோட்டத்துச் சேத்துல ஏறிக்கிட்டு இருக்கையில மாத்தாத மாத்தாதங்கிறேன், மாத்திப்புடும். நான் வாயைப் பொத்திக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கணும்."

"என்கூடக் குடும்பம் நடத்துற மாதிரி."

"நான் சொல்லல. நீதான் சொல்ற." அவர் குரல் தணிந்தது. "அவன்கிட்டச் சொல்லாத. மொதல்ல மெட்டுக்கு ஏறணும். மேல போயி நின்னுக்கிட்டு நானே கூப்புட்டுச் சொல்றேன்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா பையன் பேசுன பெட்டியும் இல்ல, இதுவும் இல்ல. வண்டிய வந்த வெலைக்குக் குடுக்கணும். தோட்டத்தை விடணும்." கைப்பிடியைத் தட்டி, "நாக்காலி இருக்கவே இருக்கு" என்றார்.

அந்த வாரம் ஞாயிறு மதன்குமார் கூப்பிட்டான். "பெட்டி வேணாம்னு பட்டறையில சொன்னாங்களாமே, ஏன்மா? பழசையே சரி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டான். "வண்டியப் பண்ணிக்கிட்டே இருக்காகப்பா" என்றாள் நாகஜோதி. பொய் இல்லை. ஆனால் ஃபோனை வைத்த பிறகு அது அணைந்துவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தாள். அவன் சுபாவம் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் ஒருவழியாக ஒத்துக்கொண்டது. ஆனால் காலுக்குப் பதில் கையால் கிளட்ச்சை அமுக்கக் கியரின் தலையில் மாட்டிய பிடி ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளின் பிடி இவ்வளவு பெரிய கிளட்ச்சுக்குப் பத்தவில்லை. முழுக்க அமுக்கினாலும் தட்டு பாதிதான் விலகியது, கியர் விழும்போது பல் கடிக்கிற சத்தம் வந்தது. சுருளிராஜன் பெரிய சிலிண்டர் ஒன்றைத் தேடிப் போட்டார். பிடி கல்லாகிவிட்டது, இரண்டு கையால் அமுக்க வேண்டியிருந்தது. பிறகு பிடியை நீளமாக்கி, அதை வளைத்து, மறுபடி வளைத்து, ஒரு நாள் முத்துவீரனின் உள்ளங்கைக்கு அது சரியாக வந்து உட்கார்ந்தது. வண்டியில் மாற்றம் செய்கிறோம் என்று ஆர்டிஓ ஆபீசிலும் எழுதிக் கொடுத்தார்கள். வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதையில்தான் முதல் ஓட்டம். ஈஸ்வரபாண்டி கூட ஏறிக்கொண்டார். பெட்டி கருகியதில் தன் கயிற்றுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அவர் பட்டறையே கதியென்று கிடந்தார். வண்டி குதித்தது, நின்றது, குதித்தது. கொட்டகைப் பெண்கள் கத்தரியோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

"ஏத்தா, மிதிக்க ஆளு போட்டாச்சா?" என்றாள் முருகம்மாள்.

"மிதியவே எடுத்தாச்சு" என்றாள் நாகஜோதி. முருகம்மாளின் மருமகனுக்கு அன்று இரவு இன்னொரு புதிர் கிடைத்திருக்கும்.

மூன்றாம் நாள் வண்டி குதிக்கவில்லை. முத்துவீரனின் இடது கை அமுக்கியது, தள்ளியது, விட்டது. அந்தக் கைக்குப் புதிதாக எதையும் கற்கத் தேவையிருக்கவில்லை. சமதரையில் அவர் ராஜா மாதிரி ஓட்டினார்.

மெட்டு ரோட்டில் முதல் ஏற்றத்திலேயே விஷயம் வேறாகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்வரை சிக்கல் இல்லை. எதிரே பஸ் வந்தது, நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி கிளம்ப வேண்டும். வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குப் போவதற்குள் வண்டி பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு கிளம்பலாம்; அதைப் பிடிக்க வேண்டியது இடது கை. இடது கை கியரிலும் கிளட்ச்சிலும் இருக்கிறது. வலது கை ஸ்டியரிங்கில். காலால் செய்ய வேண்டியதைக் கைக்கு மாற்றியபோது யாரும் கைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

வண்டி உருளத் தொடங்கியதுமே ஈஸ்வரபாண்டி கதவைத் திறந்து குதித்துவிட்டார். ஜீப்பில் கிளீனராக இருந்த காலத்துப் பழக்கம்; ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால் குதித்துச் சக்கரத்துக்குக் கல் போட வேண்டும். கல்லும் போட்டார். வண்டி நின்றது. கல்லின் தயவில் கிளம்பவும் செய்தது. அவரை விட்டுவிட்டுப் போய் ரொம்ப தூரம் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்தார்.

"ஒவ்வொரு வளவுக்கும் நீ குதிச்சேன்னா மேல போறதுக்குள்ள ஒனக்கும் ஒரு முட்டி போயிரும் மாப்ள" என்றார் முத்துவீரன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வண்டியைத் திருப்பி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கை மடியில் கிடந்தது. அசையவில்லை.

நாகஜோதி அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

ஈஸ்வரபாண்டி நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது? டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவிலா? அதை எப்போது விட வேண்டும்? சீக்கிரம் விட்டால் என்ன ஆகும், விடாமலே இருந்தால் என்ன ஆகும்?

"இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு மதினி?"

"பக்கத்து சீட்டுல ஒக்காந்து நீங்க என்ன பண்ணுனீக?"

"நான் கல்லு போட்டேன்."

"அதான் கேக்குறேன். பிரேக்கு ஒங்க கைக்கிட்ட இருக்கு. அதை விட்டுப்புட்டுக் கல்லைத் தேடி ஓடியிருக்கீக."

நாற்காலியில் முத்துவீரன் தலையைத் திருப்பினார்.

"நான் வாரேன்" என்றாள் நாகஜோதி. "அதை நான் பிடிச்சுக்கிறேன்."

"மதினிக்கு லைசென்ஸ் வேணுமே."

"இழுத்துப் பிடிக்கிறதுக்கு என்ன லைசென்சு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவுகள இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் அந்த வண்டியில் மலைக்குப் போனதே இல்லை. ஜீப்பிலும் போனதில்லை. விபத்துக்குப் பிறகு அந்த மலைப்பாதையைப் பஸ்ஸிலிருந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"ஒனக்குப் பயம்ல" என்றார் முத்துவீரன்.

"பயந்தான். பயந்தவ நல்லாப் பிடிப்பா."

இரண்டு நாள் அடிவாரத்து ஏற்றத்தில் பழகினார்கள். முதல் நாள் அவள் சீக்கிரம் விட்டாள். வண்டி பின்னால் போனது. பிறகு விடவே இல்லை; இன்ஜின் முக்கி முக்கி அணைந்தது. "நான் சொல்லையில விடு" என்றார். அவர் சொல்லி, அது அவள் காதில் ஏறி, கை விடுவதற்குள் பிந்திவிட்டது.

"நான் சொல்றத விட்ரு. வண்டியக் கேளு" என்றார் கடைசியில். "கிளட்ச் பிடிக்கத் தொடங்குனதும் இன்ஜின் சத்தம் கம்மும். பாரம் தூக்குனவன் மூச்சை உள்ள இழுக்குற மாதிரி. அங்கன விடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஒரு படி இறங்குவது தெரிந்தது. விட்டாள். வண்டி பின்னால் நூலளவும் போகாமல் முன்னால் ஏறியது. இத்தனை வருடமாக வாசலில் உட்கார்ந்து இவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மெட்டுக்குக் கிளம்பினார்கள். ஈஸ்வரபாண்டி தன் ஜீப்பில் பின்னால் வருவதாகச் சொன்னார். "கயிறு கொண்டாராத" என்று மட்டும் சொன்னார் முத்துவீரன்.

சாரல் விட்டிருந்தது, ரோடு ஈரமாக மினுங்கியது. நாகஜோதி இடது கையால் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டாள், வலது கையை ஹேண்ட் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள். வளைவு வளைவாக வண்டி ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் கை அமுக்கியது, இழுத்தது, விட்டது. உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஜெபமோ என்று பார்த்தாள். கியர்தான்.

முதல் வளைவுகளில் நிற்க வேண்டியிருக்கவில்லை. லாரிச் சுவர் என்று தங்களுக்குள் அவர்கள் பெயர் வைத்திருந்த, பழைய ஜீப்பு மோதிய அந்த இடமும் கடந்தது. அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வளைவில் விறகு வண்டிக்காக நின்றார்கள். இழுத்தாள், கேட்டாள், விட்டாள், கிளம்பியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க" என்றாள்.

மெட்டு தெரிகிற தூரத்தில், கடைசிக்கு முந்தின செங்குத்து வளைவில், மேலிருந்து பஸ் ஒன்று வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கியது. முத்துவீரன் நிறுத்தினார். நாகஜோதி பிரேக்கை இழுத்தாள். வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு தொங்கியது. பின்னால் ஈஸ்வரபாண்டியின் ஜீப்பு. அதற்குப் பின்னால் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக இன்னும் ஜீப்புகள். பஸ் உரசாத குறையாகக் கடந்து போனது. வழி திறந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

அப்போதுதான் முத்துவீரனின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. மதன்குமார் அப்பாவுக்கென்று வைத்துக் கொடுத்த கோயில் மணிச் சத்தம். துணி வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நேரத்துக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

அவருடைய வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கை கியரின் தலையில், பிடியை முழுக்க அமுக்கியபடி. பழைய ஆட்டோ கியராக இருந்தால் இடது கை சும்மாதான் கிடக்கும். எடுத்துப் பேசிவிடுவார், பேசியதற்காக மகனிடமே திட்டும் வாங்குவார். நாகஜோதியின் வலது கை பிரேக்கில். இடது கை மட்டும் மிச்சம். அது தலைக்கு மேலிருந்த பிடியை விட்டு அவருடைய சட்டைப் பையை நோக்கிப் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அங்கே அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பான்.

முத்துவீரன் ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். இன்ஜின் உறுமியது. விரல்கள் மெதுவாகப் பிடியைத் தளர்த்தின.

"ஜோதி, கேக்குதா?"

"மதன்தான்."

"அது இல்ல. இன்ஜினு."

அவள் இடது கையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். மணிச் சத்தம் இருந்தது, ஹார்ன் இருந்தது, பின்னால் ஜீப்பில் பெண்களின் பேச்சு இருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் அந்தப் படி இறங்குவதற்காகக் காத்திருந்தாள். கம்மியது. விட்டாள்.

வண்டி ஏறியது. பைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.